குழாய்க்குள் காற்று, குப்பிக்குள் காற்று

ஒரு முரண்பாடு

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, வந்து நின்ற பேருந்தின் அடியிலிருந்து 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு எழுவதைக் கேட்டிராதவர் இரார். அதன் பிரேக்குகளை இயக்கிய காற்று, வேலை முடிந்து வெளியேறும் ஓசை அது. லாரிகளின் பின்புறத்தில் 'ஏர் பிரேக்' என்று எழுதி, இடைவெளி விட்டு வருமாறு நம்மை எச்சரிப்பதும் அந்தக் காற்றின் பராக்கிரமத்தைக் கருதியே. அங்ஙனமிருக்க, சொந்தக் காரின் பிரேக் பெடல் ஒரு நாள் வழக்கத்தைவிட ஆழமாக, பஞ்சை மிதித்தாற்போல் அமுங்குகிறதே என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு சென்றால், மெக்கானிக் இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, "பிரேக்ல ஏர் புடிச்சிருக்கு சார், எடுத்துட்டா சரியாயிடும்" என்கிறார். பத்து டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள பேருந்தை நிறுத்துவதற்குத் துணையாகும் அதே காற்று, ஒரு டன் எடையுள்ள காரில் ஒரு சிட்டிகையளவு புகுந்துவிட்டால் விபரீதமாகிறது என்பது எவ்வாறு பொருந்தும்?

பேருந்து ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தள்ளுவதில்லை. அது ஒரு வால்வைத் திறப்பதோடு சரி. தள்ளுகிற வேலையைச் செய்வது, எஞ்சினால் இயங்கும் கம்ப்ரஸர் முன்கூட்டியே அழுத்தித் தொட்டிகளில் அடைத்து வைத்திருக்கும் காற்று. 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயில் வண்டிகளுக்கென்று காற்றுப் பிரேக்கை வகுத்த காலம் தொட்டு, இம்முறையின் சாரம் இதுவே. காற்று எவ்வளவு சுருங்கினாலும் பாதகமில்லை. மேலும் மேலும் வந்துகொண்டிருக்கும். காரிலோ, உதவிக்கு ஒரு பூஸ்டர் இருந்தபோதிலும், தள்ளுவது நம் கால்தான்; அதன் ஓர் அழுத்தலில் நகரக்கூடிய திரவத்தின் அளவும் சில கன சென்டிமீட்டரே. இந்தச் சிற்றளவிலிருந்து காற்று ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொண்டால், சக்கரத்திற்கு எஞ்சுவது என்ன என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

பாஸ்கலின் நூறு பேர்

பிரெஞ்சு ஞானியான பிளேஸ் பாஸ்கல் மறைந்த மறு ஆண்டாகிய 1663-இல் வெளியான அவருடைய நூல் ஒன்றில், நீர் நிறைந்த ஒரு பாத்திரம் வருகிறது. அதற்கு இரண்டு வாய்கள். ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரிது. இரண்டிலும் இறுக்கமாகப் பொருந்திய பிஸ்டன்கள். சிறிய வாயில் நின்று தள்ளும் ஒரு மனிதன், பெரிய வாயில் நின்று தள்ளும் நூறு பேருக்கு ஈடு கொடுப்பான் என்கிறார் பாஸ்கல். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்திய அழுத்தம், குறையாமல் எல்லாத் திசையிலும் பரவுகிறது என்பதே இதன் நியதி. ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795-இல் இந்நியதியைக் கொண்டு திரவ அழுத்த யந்திரத்திற்கு உரிமம் பெற்றார். கார்களுக்கு அது வந்து சேர மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1921-இல் டியூசன்பெர்க் என்னும் செல்வந்தர்களின் காரிலும், 1924-இல் அதைவிட எளிய விலையில் வந்த கிரைஸ்லரிலும் நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக் அமைந்தது.

நம் வீட்டுவாசலில் நிற்கும் காரையே உதாரணமாகக் கொண்டு, கணக்கு எளிதாகும்படி முழு எண்களாகவே வைத்துக்கொள்வோம். கால் 20 கிலோ எடையளவுக்குப் பெடலை மிதிக்கிறது. பெடல் ஒரு நெம்புகோலாகையால் அது ஐந்து மடங்காகி 100 கிலோ ஆகிறது. வெற்றிடத்தின் துணையால் இயங்கும் பூஸ்டர் அதை மும்மடங்காக்க, திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மீது 300 கிலோ விழுகிறது. அப்பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டராயின், திரவத்தின் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 கிலோ. அதாவது நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. முன்சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டன் 20 சதுர சென்டிமீட்டர் பரப்புடையதென்றால், பிரேக் பேடின் மீது இரண்டாயிரம் கிலோ! இருபது கிலோ நூறு மடங்காயிற்று. ஆனால் பிரபஞ்சத்தில் இலவசம் என்பது இல்லை. பூஸ்டர் சேர்த்த பங்கு போக, வலிமை பெருகிய அளவுக்குத் தூரம் குறைந்தாக வேண்டும். பெடல் பல சென்டிமீட்டர் இறங்கினால் பேடு நகர்வதோ மயிரிழைத் தூரம். பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளியை அவ்வளவு குறுகலாக வைத்திருப்பது இதனாலேயே.

ஒரு கன சென்டிமீட்டர் காற்று

திரவம் ஏன் இந்த உத்தியோகத்திற்கு ஏற்றது என்றால், அது சுருங்க மறுக்கிறது. நூறு வளிமண்டல அழுத்தத்திற்கு உட்பட்ட தண்ணீர் தன் கன அளவில் இருநூற்றில் ஒரு பங்களவே குறைகிறது. பிரேக் ஆயிலும் ஏறத்தாழ அத்தகையதே. காற்றின் குணம் இதற்கு நேர்மாறானது. அழுத்தத்தை இரட்டித்தால் அது பாதியாகும்; பத்து மடங்காக்கினால் பத்தில் ஒரு பங்காகும்; விட்டுவிட்டால் பழைய உருவத்தை அடையும். சுருங்கி விரியும் இவ்வியல்பை இனி 'அமுங்குதன்மை' என்றே வழங்குவோம்.

குழாயில் எங்கோ ஒரு கன சென்டிமீட்டர் காற்று, சுண்டைக்காயளவு, தங்கிவிட்டதாகக் கொள்வோம். நூறு வளிமண்டல அழுத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்காகிவிடும்; அதாவது கிட்டத்தட்ட மறைந்தே போகும். அது காலி செய்த இடத்தை நிரப்ப, மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஒரு கன சென்டிமீட்டர் திரவத்தை உபரியாகத் தள்ள வேண்டும். பரப்பு 3 சதுர சென்டிமீட்டராகையால் பிஸ்டன் 3.3 மில்லிமீட்டர் கூடுதலாக நகரும். நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கிக் காலுக்குக் காட்டும்போது பெடல் சுமார் 17 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். இதே கணக்கில், ஒரு தேக்கரண்டியளவாகிய ஐந்து கன சென்டிமீட்டர் காற்று பெடலின் பயணத்தில் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் விழுங்கிவிடும். அதன் பிறகு பெடலுக்குத் தரையைத் தவிர வேறு கதி இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. அந்த 17 மில்லிமீட்டரில் சரிபாதி, அழுத்தம் ஒன்றிலிருந்து இரண்டு வளிமண்டலமாக உயரும் முதற்கட்டத்திலேயே செலவாகிவிடுகிறது. அந்நிலையில் பேடின் மீது விழுவது வெறும் 20 கிலோ. அதைக் கொண்டு ஓடும் காரை நிறுத்த முடியாது. கால் இறங்குகிறது, கார் கேட்கவில்லை. பிறகு திடீரென்று பிடிக்கிறது. பஞ்சை மிதிப்பதுபோல் தோன்றுவதன் தத்துவம் இதுதான். ஓட்டுநர் பலர் அநுபவத்தால் கண்டபடி, படபடவென்று இரண்டு மூன்று முறை மிதித்தால் பெடல் உயர்ந்து கெட்டிப்படுவதற்கும் காரணம் உண்டு: விரைந்து மிதிக்கையில் முன்னர்த் தள்ளப்பட்ட திரவம் முழுவதும் திரும்புமுன், மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே திரவம் நிறைந்திருக்கும் மேல்தொட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் திரவம் உள்ளே புகுந்து, காற்றைச் சுருங்கிய நிலையிலேயே பிடித்து வைக்கிறது. மிதித்து மிதித்து ஓட்டிக்கொண்டு போகலாம் என்று சிலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரும்போது இரண்டாம் மிதிக்கு அவகாசம் கிடைக்குமா என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

தானாக ஏன் ஏறி வராது?

காற்று இலேசானது, திரவத்தில் மேலே வர வேண்டியது, மேல்தொட்டியோ எஞ்சின் அறையில் உயரத்தில் இருக்கிறது. பொறுத்திருந்தால் குமிழி தானே வந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானதே. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் குழாயைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை தெரியும்: குழாய் செங்குத்தாகத் தொங்கினாலும் அதனுள் மாட்டிய குமிழி அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்க, நர்ஸ் விரலால் சுண்டிச் சுண்டி அதை விரட்டுகிறார். குறுகிய குழாயில் திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை மிதப்பாற்றலை வென்றுவிடுகிறது. பிரேக் குழாயின் உள்விட்டமோ மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அன்றியும் அது எஞ்சின் அறையிலிருந்து இறங்கி, காரின் அடிப்பாகம் நெடுகச் சென்று, பின்அச்சை ஒட்டி மறுபடி மேலேறி வளைகிறது. ஒவ்வொரு மேட்டிலும் காற்றுக்கு ஒரு தங்குமிடம் உண்டு. ஆகவே குமிழியை மிதக்கவிட்டுப் பயனில்லை. ஓடும் திரவத்தோடு அடித்துக்கொண்டு போக வேண்டும்.

அதற்கென்றே ஒவ்வொரு சக்கரத்திலும், காலிப்பரின் உச்சியில், துளையுள்ள சிறு திருகு ஒன்று உண்டு. பட்டறைகளில் அதை நிப்பிள் என்பார்கள். உச்சியில் என்பது அலங்காரமாகச் சொன்னதன்று. இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கத்தில் மாற்றிப் பொருத்திவிட்டால் நிப்பிள் அடியில் போய்விடும். பிறகு டின் டின்னாக ஆயிலைச் செலவழித்தாலும் மேலே தேங்கிய காற்று வெளிவராது. புதிய காலிப்பர் போட்டபின் பெடல் கெட்டிப்படவே மாட்டேன் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கல்லட்டி மலையிறக்கம்

வெளியிலிருந்து புகும் காற்றையன்றி, உள்ளேயே பிறக்கும் வாயுவும் ஒன்று உண்டு. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக் பிடிக்காமல் போன வாகனங்களின் கதைகளுக்குப் பேர்போன வழி. 1200 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது, பிரேக்குகளே முழுச் சக்தியையும் உறிஞ்ச வேண்டியிருந்தால், அதில் எழும் வெப்பம் சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வெப்பத்தின் பெரும்பகுதியைக் காற்று கொண்டு போய்விடுகிறது என்றாலும், ஒரு பகுதி பேடின் வழியே காலிப்பருக்கும் அதனுள் இருக்கும் திரவத்திற்கும் போகிறது.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் பொருள் உண்மையில் எண்ணெயன்று. கிளைக்கால் இனத்தைச் சார்ந்த திரவம். டாட் 3, டாட் 4 என்று அதில் ரகங்கள் உண்டு. புதிய டாட் 4 ரகம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஆயினும் இது ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது; ரப்பர் குழாய்களின் நுண்துளைகள் வழியாகவும் மூடியின் வழியாகவும் காற்றிலுள்ள நீராவியைக் கொஞ்சங்கொஞ்சமாக உட்கொள்கிறது. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால், அதே ரகத்திடம் விதி எதிர்பார்ப்பது 155 பாகையே. டாட் 3 ஆனால் 140. கொதித்த திரவம் ஆவிக் குமிழியாகிறது. ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். பெடல் தரைக்குப் போய்விடும். அடிவாரத்தில் அரைமணி நேரம் நின்றால் ஆவி குளிர்ந்து மீண்டும் திரவமாகி, பெடல் ஒன்றுமறியாததுபோல் கெட்டியாகிவிடுகிறது. மெக்கானிக் சோதித்துப் பார்த்து, பழுது ஒன்றுமில்லையே என்று கைவிரிக்கிறார்.

ஈரத்தை ஏற்காத திரவத்தை ஏன் உபயோகிக்கவில்லை என்று கேட்கலாம். அத்தகைய சிலிக்கோன் திரவமும் உண்டு. ஆனால் அதனுள் புகுந்த நீர் கலவாமல் தாழ்ந்த இடத்தில் தனியே தேங்கி, அவ்விடத்தை அரித்து, நூறு பாகையிலேயே கொதித்துவிடும். ஈரத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கெடுவதே இரண்டு தீமைகளில் சிறியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுக என்று தயாரிப்பாளர் பலர் கூறுவது இதைக் கருதியே. இந்த அறிவுரையை நம்மவர்கள் மதிப்பது அபூர்வம். எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுபவர்கூட, பிரேக் ஆயில் தேநீர் நிறத்துக்கு வந்த பின்னும் குறைந்ததை நிரப்புவதோடு நின்றுவிடுகிறார்.

மூன்று உபாயங்கள்

காற்றை அகற்றும் பழைய முறைக்கு இருவர் வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூட, "அழுத்து", "பிடி", "விடு" என்ற குரல் மாறி மாறி ஒலிக்கும். நிப்பிள் மூடப்படுமுன் உள்ளிருப்பவர் காலை எடுத்துவிட்டால், வெளியேறிய காற்று அத்தனையும் மறுபடி உள்ளே உறிஞ்சப்படும். வயதான காராயின் வேறொரு சங்கடமும் உண்டு: பெடலைத் தரை வரை அழுத்தும்போது, மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர், அன்றாடம் போகாத, துரு ஏறிய பகுதியில் உராய்ந்து கிழிந்துபோகலாம்.

நிப்பிளில் பம்பு வைத்து உறிஞ்சுவது இரண்டாவது முறை. நிப்பிளின் மரையிடுக்கு வழியாக வெளிக்காற்றும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு, குமிழிகள் முடிவில்லாமல் வருவதுபோல் மயக்கும் என்பது இதன் குறை.

மூன்றாவது, மேலிருந்து தள்ளுவது. இதற்கான சாதனத்தைக் கடைகளில் பிரஷர் பிளீடர் என்பர். நாம் அழுத்தக் குப்பி எனலாம். தோட்டத்தில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பானின் அமைப்பே இதற்கும்: ஒரு பிளாஸ்டிக் குப்பி, அதன் தலையில் கைப்பம்பு, அழுத்தங்காட்டும் மானி, ஒரு குழாய், அதன் நுனியில் மேல்தொட்டியின் வாய்க்குப் பொருந்தும் மூடி. குப்பியில் புதிய ஆயிலை ஊற்றி, மேல்தொட்டியில் மாட்டி, பம்பை அடித்தால், ஒருவராகவே நான்கு சக்கரத்தையும் முடித்துவிடலாம். மாற்றுச் சக்கரத்தின் காற்றையே உபயோகித்துக்கொள்ளும் வகையும் இங்கிலாந்தில் பிரசித்தம். அதற்கு டயரின் அழுத்தத்தை முதலில் சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டுக்குக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே குணம், இரண்டு உத்தியோகம்

குப்பிக்கு வேண்டிய அழுத்தம் 10 முதல் 15 பவுண்டு. ஏறக்குறைய ஒரு வளிமண்டலம், அல்லது சற்றுக் குறைவு. டயரில் உள்ளதில் பாதி. கால் நூறு வளிமண்டல அழுத்தம் தரவல்லதாயிருக்க, இந்த ஒன்று எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் நூறு என்பது வழி அடைபட்டிருக்கும்போது எழுவது. நிப்பிளைத் திறந்துவிட்டால் திரவத்திற்கு வெளியே போக வழி கிடைக்கிறது. அதை நகர்த்தச் சிறு தள்ளல் போதும். இங்கே வேண்டுவது வலிமையன்று, இடையறாத ஓட்டம். பெடல் முறையில் ஓட்டம் விட்டு விட்டு நடப்பதால், நகரத் தொடங்கிய குமிழி இடைவேளையில் வழியிலேயே தங்கிவிடுகிறது. குப்பி அதற்கு அவகாசம் தருவதில்லை. அன்றியும் குழாய் முழுதும் வெளியைவிட உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால், எங்கேனும் இடுக்கு இருந்தாலும் திரவம் கசியுமேயன்றிக் காற்று புகாது.

அந்த இடையறாத ஓட்டத்தைத் தருவது எது? குப்பியின் மேற்பாதியில் அடைபட்ட காற்றின் அமுங்குதன்மையே! அழுத்தத்தை இரட்டித்தால் காற்று பாதியாகிறது என்று மேலே கண்ட நியதியை ராபர்ட் பாயில் 1662-இல், பாஸ்கலின் நூல் வருவதற்கு ஓராண்டு முன்னர், வெளியிட்டார். குழாய்க்குள் இருந்து காலின் உழைப்பைக் கவர்ந்துகொண்ட அதே குணம், குப்பிக்குள் கையின் உழைப்பைச் சேமித்து வைத்து, நாம் சக்கரத்தருகே குனிந்திருக்கையில் சிறுகச் சிறுகத் திருப்பித் தருகிறது. இரண்டு லிட்டர் குப்பியில் ஒரு லிட்டர் ஆயிலும் ஒரு லிட்டர் காற்றும் இருக்க, மானி ஒரு வளிமண்டலம் காட்டுகிறது என்போம். வெளியழுத்தத்தையும் சேர்த்தால் இரண்டு. கால் லிட்டர் ஆயில் போனபின் காற்று ஒன்றேகால் லிட்டராக விரியும். மொத்த அழுத்தம் 1.6 ஆகும், மானி 0.6-க்கு இறங்கியிருக்கும். ஒவ்வொரு சக்கரம் முடிந்தபின்னும் மானியைப் பார்த்துப் பம்பை அடிக்க வேண்டியது இதனால்தான்.

வீட்டுவாசலில்

சமதளத்தில் காரை நிறுத்தி, ஜாக்கியால் தூக்கியபின் அதை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைத்துவிட்டே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மேல்தொட்டியிலுள்ள பழைய ஆயிலை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புவது முதல் வேலை; இல்லையேல் அந்தப் பழுப்பு நீர் அத்தனையும் நான்கு குழாய்களின் வழியே பயணம் செய்ய வேண்டியிருக்கும். பின்னர், குப்பியில் ஆயில் ஊற்றுமுன்பே வெறுங்காற்றால் அழுத்தம் ஏற்றி, மானியின் முள் நிலைத்து நிற்கிறதா என்று பரீக்ஷித்துக்கொள்வது மிக அவசியம். மூடி சரியாகப் பொருந்தாமல் கசிந்தால், காற்று கசிவதால் கெடுதல் ஒன்றுமில்லை. பிரேக் ஆயில் கசிந்தாலோ பெயிண்டைத் தின்றுவிடும். தப்பித் தவறிச் சிந்தினால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவதே சிறந்தது. ஆயிலை ஊற்றும்போதும் குப்பியைக் குலுக்கலாகாது. குலுக்கினால் நுண்குமிழிகளை நாமே தயாரித்து உள்ளே அனுப்பியவர்களாவோம்.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது பொதுவான வழக்கம். வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும் நம் கார்களில் அது பின் இடச் சக்கரம். தயாரிப்பாளரின் கையேடு வேறு வரிசை கூறினால் அதுவே பிரமாணம். நிப்பிளுக்கு ரிங் ஸ்பானரே தகும். முனை திறந்த ஸ்பானரைப் போட்டு நெம்பினால், துருப்பிடித்த நிப்பிளின் விளிம்புகள் மழுங்கிப்போகும், அல்லது நிப்பிளே முறியும், அப்புறம் காலிப்பரையே கழற்ற வேண்டியதாகும். கண்ணாடிபோல் தெளிந்த ஒரு குழாயை நிப்பிளில் செருகி, மறுமுனை ஒரு பாட்டிலிலுள்ள ஆயிலில் மூழ்கியிருக்கும்படி விட்டு, நிப்பிளைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை திறந்தால், முதலில் தேநீர் நிறத்தில் திரவம் வரும். இடையிடையே குமிழிகள், சில சமயம் விரற்கடை நீளத்துக்குக் காற்றே தனியாக வரும். பிறகு வெளிர் மஞ்சளான புதுத் திரவம் தொடர்ந்து வரும். அப்போது மூடிவிட்டு அடுத்த சக்கரத்திற்குப் போகலாம். இதற்குள் குப்பி காலியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். காலியானால் அழுத்தப்பட்ட காற்று நேரே மாஸ்டர் சிலிண்டருக்குள் புகுந்து, தொடங்கிய இடத்துக்கே நம்மைக் கொண்டுவந்துவிடும். மானி 15 பவுண்டைத் தாண்டவும் விடலாகாது. மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது.

நான்கும் முடிந்தபின், குப்பியின் அழுத்தத்தை முழுதும் வெளியேற்றிய பிறகே தொட்டியின் மூடியைத் திருக வேண்டும். தொட்டியில் திரவமட்டத்தைச் சரிசெய்து மூடி, எஞ்சினை இயக்காமல் பெடலை நாலைந்து முறை மிதித்தால் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாக நிற்கும். அதை அழுத்தியபடியே எஞ்சினை இயக்கினால் சிறிதளவு இறங்கி, அங்கே நிலைக்கும். நிலைக்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் குற்றம் காற்றினுடையதன்று. எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. காரை நகர்த்தவே கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உள்ள கார்களில் அந்த யந்திரப் பெட்டிக்குள் காற்று புகுந்திருந்தால் குப்பியும் கைகொடுக்காது. அதனுள் உள்ள வால்வுகளையும் பம்பையும் கம்ப்யூட்டர் கருவி மூலம் இயக்கித்தான் அக்காற்றை வெளியே கொண்டுவர முடியும், அதற்குப் பட்டறைக்கே போயாக வேண்டும். வெறும் ஆயில் மாற்றத்திற்கு இந்தத் தொல்லை நேராது. தொட்டி வறண்டுபோக விட்டவர்களுக்கே பெரும்பாலும் நேரும்.

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது, சாக்கடையில் கொட்டவும் கூடாது. எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனி டப்பாவில் மூடிவைத்து, கழிவு ஆயில் வாங்கும் பட்டறையில் இன்னதென்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். திறந்த டின்னில் மிஞ்சிய புது ஆயிலையும் அடுத்த முறைக்கென்று அலமாரியில் பத்திரப்படுத்துவதில் பயனில்லை. மூடியைத் திறந்த அன்றே அது ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிட்டது.